மூன்று அளவு போதும், எந்த மூன்று என்பதில்தான் கணக்கு: முக்கோணத்தைத் தாளிலும் நிலத்திலும் தீர்க்கும் வழி

கோணலான ஒரு கொல்லை. நாலு பக்கத்தையும் நாடா பிடித்து அளந்தால் 42, 50, 38, 45 மீட்டர். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கினால் 40, 47.5. பெருக்கினால் 1,900 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 47 சென்ட். ஊர்ப்பக்கம் பழகிப்போன கணக்கு இது. நிலம் செவ்வகமாக இருந்தால் சரியாக வரும். கோணலாக இருந்தால் உள்ளதைவிட எப்போதும் கூடுதலாகவே காட்டும். இந்தக் கொல்லையின் ஒரு மூலைவிட்டம் 76 மீட்டர் என்றால் உண்மைப் பரப்பு 39.8 சென்ட்தான். ஏழு சென்ட் காற்றில் போகிறது.

காரணம் எளிது. நாலு குச்சியை முனையில் ஆணி அடித்துச் சட்டமாக்கிப் பாருங்கள், இப்படியும் அப்படியும் சாயும். பக்கங்கள் மாறுவதில்லை, பரப்பு மாறிக்கொண்டே இருக்கும். மூன்று குச்சிச் சட்டம் சாயாது. அதனால்தான் நில அளவையும் மலை அளவையும் முக்கோணத்தில் வந்து நிற்கின்றன. பத்தாம் வகுப்பு மாணவருக்கும், கிருஷ்ணகிரி மாவட்டப் பர்கூரிலோ தர்மபுரி மாவட்டப் பாலக்கோட்டிலோ சொந்த நிலத்தை ஒருமுறை தாமே அளந்து பார்க்க நினைப்பவருக்கும் வழி ஒன்றுதான்.

முதல் வேலை: கையில் இருப்பது என்ன?

முக்கோணத்தில் மூன்று பக்கம், மூன்று கோணம் என ஆறு அளவுகள். அவற்றில் மூன்று தெரிந்தால் மற்ற மூன்றையும் எடுக்கலாம். அந்த மூன்றில் ஒன்றாவது பக்கமாக இருக்க வேண்டும். கோணங்கள் மட்டும் தெரிந்தால் வடிவம் தெரியும், அளவு தெரியாது. உள்ளங்கை அளவு முக்கோணத்துக்கும் ஒரு ஏக்கர் முக்கோணத்துக்கும் அதே கோணங்கள் இருக்கலாம்.

சூத்திரத்தைத் தேடும் முன் இதைப் பாருங்கள்:

- மூன்று பக்கம் தெரியும்: பரப்புக்கு ஹெரான் சூத்திரம், கோணத்துக்குக் கொசைன் சூத்திரம்.
- இரண்டு பக்கமும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும் தெரியும்: கொசைன் சூத்திரம்.
- இரண்டு கோணமும் ஒரு பக்கமும் தெரியும்: மூன்றாவது கோணத்தை 180-இல் கழித்து எடுத்துவிட்டு, சைன் சூத்திரம் (பக்கத்தை எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் மூன்றுக்கும் ஒரே எண்).
- இரண்டு பக்கமும், இடைப்படாத ஒரு கோணமும் தெரியும்: சைன் சூத்திரம்தான், ஆனால் விடை இரண்டாகவும் வரலாம், இல்லாமலும் போகலாம்.
- ஒரு கோணம் 90°: பிதாகரஸ், சைன், கொசைன், டேன் போதும். பெரிய சூத்திரம் எதுவும் வேண்டாம்.

அடுத்து படம். கையால் கிறுக்கிய படம் போதாது, அளவுத்திட்டத்தோடு வரையுங்கள். மேலே சொன்ன கொல்லைக்கு 5 மீட்டரை 1 சென்டிமீட்டராக வைத்தால் 76 மீட்டர் 15.2 செ.மீ. ஆகும், நோட்டுப் புத்தகத்தில் அடங்கிவிடும். மற்ற பக்கங்கள் 8.4, 10, 7.6, 9 செ.மீ. காம்பஸால் வில் போட்டு வெட்டினால் மூலைகள் கிடைக்கும். கணக்கில் வரும் விடையும் இந்தப் படத்தில் அளந்து பார்ப்பதும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எங்கோ தப்பு இருக்கிறது. கால்குலேட்டர் காட்டும் எட்டு இலக்கத்தைவிட இந்தப் படத்தைத்தான் முதலில் நம்ப வேண்டும்.

கொல்லையின் பரப்பு

மூலைகளுக்கு வரிசையாக க, ச, ட, த என்று பெயர் வைப்போம். கச 42, சட 50, டத 38, தக 45. மூலைவிட்டம் கட 76. இப்போது இரண்டு முக்கோணங்கள்.

முதல் முக்கோணம் 42, 50, 76. கூட்டினால் 168, அரைச்சுற்றளவு 84. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 42, 34, 8. நான்கையும் பெருக்கினால் 84 × 42 × 34 × 8 = 9,59,616. வர்க்கமூலம் 979.6 சதுர மீட்டர்.

இரண்டாவது 38, 45, 76. அரைச்சுற்றளவு 79.5. கழித்தவை 41.5, 34.5, 3.5. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 631.2.

மொத்தம் 1,610.8 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், அதாவது 435.6 சதுர அடி. ஆக 39.8 சென்ட். சிட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், எனவே இது 16.11 ஏர். பழைய புலப்படத்தில் (சர்வே துறை வரைந்த நில வரைபடம்) அளவுகள் லிங்க்ஸில், அதாவது சர்வே சங்கிலியின் கண்ணிக் கணக்கில், இருந்தால் மீட்டருக்கு மாற்றவே தேவையில்லை. லிங்க்ஸிலேயே பரப்பு போட்டு 1,000-ஆல் வகுத்தால் நேராகச் சென்ட் வந்துவிடும், ஏனென்றால் ஒரு ஏக்கர் 1,00,000 சதுர லிங்க்ஸ்.

இரண்டாவது முக்கோணத்தில் 3.5 என்று சின்ன எண் ஒன்று வந்ததைக் கவனியுங்கள். 38-ம் 45-ம் சேர்ந்தால் 83, எதிரே 76. அதாவது முக்கோணம் தட்டையாகப் படுத்திருக்கிறது. இப்படிப்பட்ட ஒல்லி முக்கோணத்தில் சின்னப் பிழை பெரிதாக வளரும். மூலைவிட்டத்தை 76-க்குப் பதில் 77 என்று படித்துவிட்டால் மொத்தப் பரப்பு 1,558 ஆகிவிடும், 1.3 சென்ட் காணாமல் போகும்.

அதனால் மற்ற மூலைவிட்டத்தையும் அளந்தே ஆக வேண்டும். அதற்கு முன் அது எவ்வளவு வர வேண்டும் என்று கணக்கில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். க மூலையில் கொசைன் சூத்திரம் போட்டால், முதல் முக்கோணத்தின் கோணம்: (42² + 76² − 50²) ÷ (2 × 42 × 76) = 0.7895, அதாவது 37.9°. இரண்டாவது முக்கோணத்தின் கோணம் 21.7°. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 59.5°. பிறகு சத² = 42² + 45² − 2 × 42 × 45 × கொசைன் 59.5°. சத 43.3 மீட்டர். நிலத்தில் நாடா பிடிக்கும்போது 43.3-க்கு ஒரு சாண் இப்படி அப்படி வந்தால் ஐந்து அளவும் சரி. இரண்டு மீட்டர் விலகினால் எங்கோ ஒரு பக்கத்தைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள்.

பரப்புக்கு இந்தக் குட்டை மூலைவிட்டத்தை எடுத்துக்கொள்வதே நல்லது. 42, 45, 43.3 என்றும் 50, 38, 43.3 என்றும் வரும் முக்கோணங்கள் இரண்டும் உருண்டு திரண்டவை. இதிலும் ஒரு மீட்டர் தப்பினால் பிழை 0.7 சென்ட் அளவில் நிற்கும், பாதிக்குப் பாதி.

புலப்படத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஜி லைன் கோடுகள் தெரியும். நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்த கோடுகள்தாம் அவை. வரப்பு வளைந்து போகும் இடத்தில் அந்தக் கோட்டிலிருந்து வரப்பு வரை செங்குத்தாகத் தூரம் அளந்து, அதாவது ஆஃப்செட், எடுத்திருப்பார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். ஒன்று மட்டும்: இந்த அளவு உங்கள் மனத்தெளிவுக்கு. எல்லைத் தகராறு என்று வந்தால் சர்வேயர் வந்து கல் நடுவதுதான் செல்லும்.

நாடா பொய் சொல்லும் இடங்கள்

கணக்குத் தெரிந்தவர்களும் தோற்பது இங்கேதான். 30 மீட்டர் ஃபைபர் நாடா, ஏழெட்டு முளை, தூக்குக்குண்டு, ஒரு ரசமட்டம், கூட ஒரு ஆள். இவ்வளவு போதும்.

பூஜ்யம் எங்கே தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். சில நாடாக்களில் வளையத்தின் வெளி விளிம்பு பூஜ்யம், சிலவற்றில் வளையம் தாண்டி உள்ளே கோடு இருக்கும். 30 மீட்டருக்கு மேல் நீளும் பக்கத்தில் ஒவ்வொரு முழு நாடாவுக்கும் ஒரு முளை அடித்து, முடிவில் முளைகளை எண்ணுங்கள். வாயால் எண்ணினால் நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்ததும் ஒரு நாடா, முழுசாக 30 மீட்டர், விட்டுப்போகும்.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் சமதளம் குறைவு, மேடும் கரடுமாகக் கிடக்கும். ஆவணத்தில் இருப்பது கிடைத்தளப் பரப்பு, சரிவின் மேல் பரப்பு அல்ல. நாடாவைச் சரிவோடு படுக்க வைத்து 30 மீட்டர் அளந்தால், 5° சரிவில் கிடைநீளம் 29.89 மீட்டர், பெரிய நட்டமில்லை. 12° சரிவில் 29.34. 20° சரிவில் 28.19. பரப்பில் சொன்னால், ஒரே சீராக 12° சரிந்த ஒரு ஏக்கரில் 2 சென்ட்டுக்கு மேல் கூடுதலாகக் காட்டும், 20° என்றால் 6 சென்ட். வெற்றுக்கண்ணுக்கு 12° சரிவு பெரிதாகத் தெரியாது என்பதுதான் ஆபத்து.

இதற்கு இரண்டு வழி. சரிவுக் கோணத்தை அளந்து நீளத்தைக் கொசைனால் பெருக்குவது ஒன்று. படிப்படியாக அளப்பது இன்னொன்று: மேட்டில் இருப்பவர் நாடாவைத் தரையோடு பிடிக்க, பள்ளத்தில் இருப்பவர் இடுப்புயரத்தில் மட்டமாக இழுத்துப் பிடித்து, தூக்குக்குண்டு விழும் இடத்தில் முளை அடிப்பார். ஒரு படிக்கு 5 முதல் 10 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் நாடா நடுவில் தொய்ந்து, நீளம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

சைன் சூத்திரத்தில் விழும் பள்ளம்

மேலே பார்த்த 38, 45, 76 முக்கோணத்தின் பெரிய கோணம் என்ன? சின்னக் கோணம் 21.7° தெரிந்துவிட்டதே என்று சைன் சூத்திரம் போட்டால் 76 × சைன் 21.66° ÷ 38 = 0.738 என்று வரும், கால்குலேட்டர் 47.6° என்று சொல்லும். படத்தைப் பார்த்தாலே அது விரிகோணம் என்று தெரியும். சரியான விடை 180 − 47.6 = 132.4°. சைனுக்கு 47.6°-உம் 132.4°-உம் ஒன்றுதான். கால்குலேட்டர் எப்போதும் சின்னதையே கொடுக்கும். கொசைன் ஏமாற்றாது, விரிகோணம் என்றால் குறை எண்ணாக வந்து காட்டிக்கொடுத்துவிடும். எனவே மூன்று பக்கம் தெரிந்த கணக்கில் மிக நீளமான பக்கத்துக்கு எதிர்க்கோணத்தை முதலில் கொசைன் சூத்திரத்தால் எடுங்கள். மீதி இரண்டும் குறுங்கோணங்களாகத்தான் இருக்க முடியும், அவற்றுக்குச் சைன் சூத்திரம் பயமின்றிப் போடலாம்.

இடைப்படாத கோணம் கொடுத்த கணக்கில் இதே சங்கதிதான் இரண்டு விடையாக வருகிறது. கோணம் 30°, அதற்கு எதிர்ப்பக்கம் 7, இன்னொரு பக்கம் 10 என்று வையுங்கள். 10-க்கு எதிர்க்கோணத்தின் சைன் 10 × 0.5 ÷ 7 = 0.714. கோணம் 45.6° அல்லது 134.4°. 30-ஐக் கூட்டினாலும் இரண்டுமே 180-க்குள் அடங்குகின்றன. ஆக மூன்றாவது பக்கம் 13.56 ஆகவும் இருக்கலாம், 3.76 ஆகவும் இருக்கலாம். இரண்டையும் எழுத வேண்டும். எதிர்ப்பக்கம் 7-க்குப் பதில் 4 என்றால் சைன் 1.25 என்று வரும். அப்படியொரு முக்கோணமே இல்லை.

கால்குலேட்டரை எடுத்ததும் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரியில் இருக்கிறது. −0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது, மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

ஏரிக்கு அந்தப்பக்கம் எவ்வளவு தூரம்?

தண்ணீர் நிற்கும் ஏரியின் இரு கரையிலும் க, ச என இரண்டு புள்ளிகள். குழாய் போட இடைத்தூரம் வேண்டும். இரண்டும் தெரியும் ஓர் இடம் ப. பக 85 மீட்டர், பச 62 மீட்டர், ப-வில் கோணம் 74°. கொசைன் சூத்திரம்: 7,225 + 3,844 − 2 × 85 × 62 × 0.2756 = 8,164. வர்க்கமூலம் 90.4 மீட்டர்.

கோணம் அளக்கக் கருவி இல்லையா? வேண்டாம். க-விலிருந்து ப வழியாக அதே நேர்கோட்டில் பின்னால் நடந்து, ப-வைத் தாண்டி 42.5 மீட்டரில் ஒரு முளை. ச-விலிருந்து அதேபோல் ப-வைத் தாண்டி 31 மீட்டரில் இன்னொரு முளை. இரண்டு முளைக்கும் இடைத்தூரத்தை அளந்து இரட்டித்தால் ஏரியின் குறுக்குத் தூரம். வடிவொத்த முக்கோணம் என்று வகுப்பில் படித்தது இதுதான். நேர்கோடு தப்பாமல் இருக்க ப-வில் ஒரு கம்பை நட்டு, பின்னால் நிற்பவர் அந்தக் கம்பு எதிர்க்கரைக் கம்பை மறைக்கும் இடத்தில் முளை அடிக்க வேண்டும்.

உயரம்: தென்னையும் கரடும்

கோணமானியின் நேர்விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, நடுத்துளையில் நூல் கட்டி நட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஸ்ட்ரா வழியாக மர உச்சியைப் பார்க்கும்போது நூல் 55-இல் நின்றால் ஏற்றக்கோணம் 55 அல்ல, 90 − 55 = 35°. புதியவர்கள் பத்துக்கு எட்டுப் பேர் வழுக்கும் இடம் இது என்றே சொல்லலாம்.

மரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று 35° என்றால் 20 × டேன் 35° = 14.0 மீட்டர். கண்ணின் உயரம் 1.5 சேர்த்தால் 15.5. தென்னை சாய்ந்திருந்தால் தூரத்தை மரத்தடியிலிருந்து அளக்காதீர்கள், குருத்துக்கு நேர்கீழே உள்ள இடத்திலிருந்து அளக்க வேண்டும்.

எங்கே நிற்பது? கோணம் 45° அருகே வரும் இடத்தில். அங்கே ஒரு டிகிரி பிழைக்கு 14 மீட்டரில் அரை மீட்டர் தப்பும். 15°-யிலோ 75°-யிலோ நின்றால் அதே ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டர் தப்பும்.

அடிவாரத்துக்குப் போக முடியாத கரட்டுக்கு இரண்டு இடத்திலிருந்து பார்க்க வேண்டும். ஓரிடத்தில் 28°. உச்சியை நோக்கி நேராக 60 மீட்டர் நடந்தால் 41°. உச்சியில் உண்டாகும் கோணம் 41 − 28 = 13°. சைன் சூத்திரப்படி இரண்டாவது இடத்திலிருந்து உச்சிக்குச் சாய்தூரம் 60 × சைன் 28° ÷ சைன் 13° = 125.2 மீட்டர். அதைச் சைன் 41°-ஆல் பெருக்கினால் 82.2. கண்ணுயரம் சேர்த்து 83.7 மீட்டர்.

இங்கே 13°தான் உயிர். இரண்டாவது கோணத்தை 40° என்று படித்துவிட்டால் உயரம் 5 மீட்டர் கூடிவிடும். 60 மீட்டருக்குப் பதில் 10 மீட்டர் மட்டும் நடந்திருந்தால் உச்சிக்கோணம் 1.6°தான் வரும், நூல் கோணமானியால் அதை அளக்கவே முடியாது. எவ்வளவு நடக்க முடியுமோ அவ்வளவு நடங்கள். இரண்டு இடமும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும்.

1802-இல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை வாரக்கணக்கில் சங்கிலியால் அளந்து, அதிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாகக் கோர்த்து மேற்கே போனார். 1804-இல் பெங்களூரு அருகே இன்னொரு கோட்டை அளந்து கணக்கோடு ஒப்பிட்டார்கள். நம் கொல்லையில் இரண்டாவது மூலைவிட்டம் செய்யும் வேலை அதுவே.

தேர்வு எழுதுபவர்களுக்கு

பத்தாம் வகுப்புக் கணக்கில் கோணங்கள் பெரும்பாலும் 30, 45, 60. √3-ஐக் கடைசி வரி வரை அப்படியே வைத்துக்கொண்டு, முடிவில் 1.732 போடுங்கள். இறக்கக்கோணம் கிடைக்கோட்டிலிருந்து கீழ்நோக்கி அளப்பது. கோபுரத்தின் சுவரிலிருந்து அளந்ததாகப் படம் போட்டால் 30-உம் 60-உம் இடம் மாறி விடை தலைகீழாகும்.

அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்து முக்கோணம் வரையச் சொன்னால், உச்சிக்கோணத்தை அடிப்பக்கத்தின் ஒரு முனையில், அதற்குக் கீழே வரைய வேண்டும். அந்தக் கோடு வட்டத்தின் தொடுகோடு. அந்த முனையில் அதற்குச் செங்குத்தும் அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோடும் வெட்டும் இடம் வட்ட மையம். தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட கோணம் எதிர்ப்பக்க வட்டத்துண்டில் வரும் என்பதால்தான் கீழே வரைந்தது மேலே கிடைக்கிறது. மேலே வரைந்துவிட்டால் உச்சியில் 60°-க்குப் பதில் 120° வந்து நிற்கும்.

மாங்கன்று முக்கோண நடவு

கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோப்புகளில் 10 மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால் ஒரு ஹெக்டேருக்கு 100 கன்று. அதே 10 மீட்டர் இடைவெளியைச் சமபக்க முக்கோணமாக வைத்தால் ஏறத்தாழ 115. சமபக்க முக்கோணத்தின் உயரம் பக்கத்தில் 0.866 பங்கு, எனவே வரிசைக்கு வரிசை 8.66 மீட்டர் போதும். கன்றை 5 மீட்டர் தள்ளி வைத்துவிட்டு வரிசை இடைவெளியை 10 மீட்டராகவே விட்டுவிட்டால் கன்றுகளுக்கு இடையே 11.18 மீட்டர் ஆகி, அந்த 15 கன்றும் கிடைக்காது.

முதல் வரிசையை நூல் கட்டி நேராக்கி 10 மீட்டருக்கு ஒரு முளை அடியுங்கள். நீளாத கயிறு ஒன்றில் 10 மீட்டர் இடைவெளியில் மூன்று வளையம் போட்டு, வெளி வளையங்கள் இரண்டையும் அடுத்தடுத்த முளைகளில் மாட்டி, நடு வளையத்தை விறைப்பாக இழுத்தால் இரண்டாவது வரிசையின் இடம். நைலான் கயிறு நீண்டுகொடுக்கும், கம்பி நல்லது. ஒவ்வொரு வரிசையும் முந்தையதைப் பிடித்தே வருவதால் பிழையும் கூடவே ஏறும். அதனால் நாலு வரிசைக்கு ஒருமுறை முதல் வரிசைக்குச் செங்குத்தாக அளந்து பாருங்கள், 34.64 மீட்டர் வர வேண்டும். செங்குத்துக்கு 6, 8, 10 மீட்டர் முக்கோணம் போடலாம். மொத்தம் 24 மீட்டர், ஒரே நாடாவில் முடியும். ஒரு சாணுக்கு மேல் விலகியிருந்தால் அந்த வரிசையின் முளைகளைப் பிடுங்கிச் சரியான இடத்தில் அடித்துவிட்டு, அங்கிருந்து அடுத்த வரிசைக்குக் கயிறு பிடியுங்கள்.